நெஞ்செரிவின் காரணம் யாது?

மனிதர் தம் இரைப்பையைப் பற்றிக் கூறும் குறைகளுக்கு அளவில்லை. நெஞ்செரிவு, புளியேப்பம், வாய்வு, வயிற்றுப் பொருமல், அசீரணம், குடற்புண் என்று அக்குறைகளுக்குப் பெயர்களும் பல. இப்பெயர்கள் யாவற்றையும் ஒருங்கே விழுங்கிவிட்ட பெயர் ஒன்று இன்று இலங்கையின் நகரங்களிலும் கிராமங்களிலும் வழங்குகிறது. காஸ்ட்ரைட்டிஸ் என்பது அது. மேல்வயிற்றில் நோவு கண்டாலும் காஸ்ட்ரைட்டிஸ். நெஞ்சில் எரிவு கண்டாலும் காஸ்ட்ரைட்டிஸ். உண்ட உணவு செமியாது கிடந்தாலும் காஸ்ட்ரைட்டிஸ். அப்பெயரைச் சொல்லி மருந்துக்கடையிலே குளிசை வாங்கி விழுங்கிவிட்டு, அன்றாடக் கருமத்துக்குத் திரும்பிவிடுவது பலருடைய வழக்கமாகியுள்ளது.

அச்சொல்லின் உண்மைப் பொருள் இரைப்பையின் உட்சுவர் அழற்சியுற்றிருத்தல் என்பதாகும். அந்த உட்சுவரிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தாலன்றி, அழற்சி உண்டு என்று எவரும் உறுதியாகக் கூற இயலாது. ஆகவே, தமக்குக் காஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லிக்கொள்பவர்களிற் பெரும்பாலோர் எவரும் கண்டறியாத ஒரு நோயின் பெயரைத் தாமே தமக்குச் சூட்டிக்கொண்டவர்கள் ஆவர். பெயர் கிடைத்தவுடன் மனம் ஆறிவிடுகிறது. மனம் ஆறிய இடத்தில் காரணத்தைத் தேடும் முயற்சியும் நின்றுவிடுகிறது. இதனால் விளையும் கேடு சிறிதன்று.

ஏனெனில், நெஞ்சுக் குழியில் எழும் எரிவு ஒன்றே ஆயினும் அதற்குக் காரணம் ஒன்றன்று. இரைப்பையின் அமிலம் மேலெழுந்து உணவுக்குழாயைச் சுடுவதனால் எரிவு உண்டாகலாம். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் தோன்றியிருக்கலாம். பித்தப்பையிற் கல் இருக்கலாம். நோவு தணிக்கும் குளிசைகள் வயிற்றை அரித்திருக்கலாம். அரிதாகப் புற்றுநோயின் முதற் குறியாகவும் அது இருக்கலாம். இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி அடைபடும்போதும் நோயாளி அதனை நெஞ்செரிவு என்றே உணர்வதுண்டு. இவற்றுட் சில உணவு முறையை மாற்றுவதனால் தீருவன. ஒன்று இரு வார மருந்தினால் அடியோடு ஒழிவது. வேறொன்று சில மணி நேரத்துள் உயிரைக் கொள்வது. இத்தனைக்கும் ஒரே பெயரையும் ஒரே குளிசையையும் வழங்குவது அறிவுடைமை ஆகாது.

முதலில் இரைப்பையின் தொழில் எத்தகையது என்பதை நோக்குதல் நன்று. இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலீற்றர் சாற்றைச் சுரக்கிறது. அச்சாற்றில் உள்ளது ஐதரோகுளோரிக் அமிலம் என்பதை வில்லியம் பிரவுட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1824 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். ஆய்வுகூடத்திலே கண்ணாடிப் போத்தலில் அடைத்து எச்சரிக்கையோடு கையாளும் அமிலம் மனிதனுடைய வயிற்றினுள் நாள்தோறும் ஊறுகின்றது என்ற செய்தி அக்கால அறிஞர்க்கு வியப்பை அளித்தது. இறைச்சியைக் கரைக்க வல்ல இச்சாறு இரைப்பையை மட்டும் கரைக்காதிருப்பதற்குக் காரணம் அதன் உட்சுவரைப் போர்த்திருக்கும் சீதப் படலமும், அப்படலத்தினுள் சுரக்கும் காரப் பொருளும் ஆகும். உணவுக்குழாய்க்கு அத்தகைய போர்வை இல்லை. ஆகவே, அமிலம் தனக்குரிய இடத்தில் இருக்கும்வரை நன்மை செய்கிறது. ஒரு சாண் மேலே ஏறிவிட்டாலோ சுடுகிறது.

அவ்வாறு ஏறாது காப்பதற்கு உணவுக்குழாயின் அடியிலே ஓர் இறுக்கித் தசை உண்டு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு அத்தசையைச் சுற்றி நின்று வலுவூட்டுகிறது. விழுங்கும்போது இக்கதவு திறக்கும். உணவு இறங்கியதும் மூடிக்கொள்ளும். விழுங்காத வேளையிலும் அது சில கணம் தளர்வதுண்டு. ஏப்பம் வெளியேறுவது அப்போதுதான். இத்தளர்ச்சி அடிக்கடி நிகழ்ந்தாலும், இரைப்பையின் மேற்பகுதி பிரிமென்றகட்டின் துவாரத்தினூடாக மார்பினுள் வழுகி ஏறிவிட்டாலும், உடற்பருமன் அல்லது கருப்பம் காரணமாக வயிற்றினுள் அழுக்கம் கூடினாலும் அமிலம் மேலெழும். கொழுப்பு மிகுந்த உணவும் புகைத்தலும் மதுவும் இக்கதவைத் தளர்த்துவன. வயிறு நிறைய உண்டவுடன் படுப்பவர்க்கு, அமிலத்தைக் கீழே இழுத்து நிறுத்தும் புவியீர்ப்பின் துணையும் அற்றுப்போகின்றது.

இரைப்பையின் செயலை மனிதர் நேரிற் கண்டறிந்த வரலாறு ஒரு விபத்திலே தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள மக்கினாக் தீவில் 1822 ஆம் ஆண்டு யூன் மாதம் 6 ஆம் திகதி அலெக்சிஸ் சென் மாட்டின் என்னும் இளைஞர் ஒருவர் துப்பாக்கி தற்செயலாக வெடித்ததனால் வயிற்றிலே படுகாயமுற்றார். அங்கிருந்த இராணுவ மருத்துவராகிய வில்லியம் போமன்ட் அவரைக் காப்பாற்றினார். காயம் ஆறியது, ஆயினும் இரைப்பைக்குட் செல்லும் துவாரம் மூடவில்லை. 1825 ஆம் ஆண்டு தொடக்கம் போமன்ட் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலிற் கட்டி அத்துவாரத்தினூடாக உள்ளே விட்டு, இன்ன உணவு இத்தனை நேரத்திற் கரைகிறது என்று குறித்து வைத்தார். 1833 இல் அவர் வெளியிட்ட நூல் செமிபாடு பற்றிய அறிவுக்கு அடிப்படையாயிற்று.

அந்நூலிலே அவர் குறித்த செய்தி ஒன்று இன்றைய நோயாளிகளுக்கும் பயன்படுவது. சென் மாட்டின் சினங்கொண்ட வேளைகளில் அவருடைய இரைப்பையின் தோற்றமும் செயலும் மாறுபட்டன. பிறர் தம் உடலைச் சோதனைப் பொருளாக்குவதை அவர் விரும்பினாரல்லர். சினங்கொள்வதற்கு அவருக்குக் காரணம் உண்டு. மனத்தின் நிலை வயிற்றிலே பதிகின்றது என்பது இவ்வாறு கண்ணாற் காணப்பட்ட உண்மையாயிற்று. ஆயினும் இவ்வுண்மையை அளவுக்கு மிஞ்சி நீட்டியதனால் மருத்துவ உலகம் பின்னர் ஒரு பெருந்தவறு செய்தது.

இரைப்பைப் புண்ணுக்கும் முன்சிறுகுடற் புண்ணுக்கும் காரணம் கவலையும் மிகை அமிலமுமே என்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நம்பப்பட்டது. சிக்காகோ நகரத்து மருத்துவர் பேட்ராம் சிப்பி 1915 இல் வகுத்த முறைப்படி நோயாளிகள் மணிக்கு மணி பாலும் பாலாடையும் அருந்தினர். அதனாற் குணமடையாதோரின் இரைப்பையில் ஒரு பகுதி சத்திரசிகிச்சையினால் அகற்றப்பட்டது. தொழிலை விட்டவரும் உண்டு. தம் குணமே தம் நோய்க்குக் காரணம் எனத் தம்மையே நொந்துகொண்டவரும் உண்டு. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே றொபின் வொறன் என்னும் நோயியல் நிபுணர் 1979 ஆம் ஆண்டில் இரைப்பைத் துணுக்குகளிலே வளைந்த பற்றீரியாக்கள் இருப்பதைக் கண்டார். இளம் மருத்துவர் பரி மாசல் அவரோடு சேர்ந்துகொண்டார். அமிலத்தினுள் எவ்வுயிரும் வாழாது என்று எண்ணியிருந்த அறிஞர் பலர் அவர்கள் கூற்றை ஏற்கவில்லை. 1984 இல் மாசல் அப்பற்றீரியாக்கள் கலந்த நீரைத் தாமே பருகினார். சில நாட்களுள் அவருக்குக் குமட்டலும் வாந்தியும் உண்டாயின. அவருடைய இரைப்பையின் உட்சுவர் அழற்சியுற்றிருந்தமை சோதனையிலே தெளிவாயிற்று.

ஹெலிக்கோபக்டர் பைலோரி என்று பெயர்பெற்ற அப்பற்றீரியாவைக் கண்டமைக்காக 2005 ஆம் ஆண்டிலே இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆண்டாண்டாகப் பாலருந்தியும் பத்தியம் காத்தும் ஆறாத புண், நுண்ணுயிர்கொல்லி மருந்துகளையும் அமிலத்தை அடக்கும் மருந்தையும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாட்கள் உட்கொள்வதனால் ஆறுவதாயிற்று. நோயாளியின் குணத்தின்மேற் சுமத்தப்பட்டிருந்த பழி நீங்கியது. காரணத்தை அறியாது செய்யும் சிகிச்சை எத்துணை நீண்டதாயினும் வீண் என்பதற்கும், காரணம் அறிந்தபின் சிகிச்சை எத்துணைச் சுருங்கிவிடும் என்பதற்கும் இவ்வரலாற்றிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆனால், காரணத்தை அறியும் முயற்சி கருவிகளிலே தொடங்குவதன்று. அது நோயாளியின் வாயிலே தொடங்குகிறது. பாடசாலை ஆசிரியர் ஒருவர் வெளிநோயாளர் பிரிவிலே நெடுநேரம் வரிசையில் நின்று, தம் முறை வந்ததும், "காஸ்ட்ரைட்டிஸ் இருக்கிறது, டொக்டர்" என்று மட்டும் கூறுவதாக வைத்துக்கொள்க. மருத்துவருக்கு அவர் நோயைச் சொல்லவில்லை; ஒரு முடிவைச் சொல்லிவிட்டார். அதே ஆசிரியர், "மூன்று மாதமாக நெஞ்சு எரிகிறது. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டு 10 மணிக்குப் படுத்தால் நள்ளிரவில் எரிவு வந்து எழுப்புகிறது. எழுந்து உட்கார்ந்தாற் குறைகிறது. சில நாள் வாயில் புளிநீர் வருகிறது. படியேறினால் எரிவதில்லை. முழங்கால் நோவுக்கு மருந்துக்கடையிலே குளிசை வாங்கிப் போடுகிறேன்" என்று கூறுவாராயின், அச்சில வாக்கியங்களிலே நோயின் பாதி அடங்கியிருக்கிறது. படுத்தால் எழுவதும் எழுந்தால் தணிவதும் அமிலம் மேலெழுவதன் குறி. படியேறும்போது எரியாமை இதயத்தைப் பற்றிய ஐயத்தை ஒருவாறு குறைப்பது. முழங்காலுக்குப் போட்ட குளிசையோ வயிற்றுப் புண்ணுக்கு வழிகாட்டக்கூடியது.

நோயாளிகள் நிறைந்த வைத்தியசாலையிலே மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்கக்கூடிய நேரம் மிகச் சிறிது. ஆதலால், அங்கு செல்வதற்கு முன்னர் இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு கொப்பியிலே குறிப்பு எழுதி வைப்பது நற்பயன் தரும். எரிவு எப்போது வந்தது, அதற்கு முன் உண்டது யாது, உண்டு எத்தனை மணி நேரம், படுத்திருந்தபோதா, குனிந்தபோதா, நடந்தபோதா, எதனால் தணிந்தது என்பன எழுதப்படல் வேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் யாவும், வேறு நோய்க்கானவையும், அதிற் குறிக்கப்படல் வேண்டும். அஸ்பிரின், ஐபுபுரொபென், டைக்குளோபினக் முதலிய நோவு தணிக்கும் மருந்துகள் இரைப்பையின் காப்புப் படலத்தை நலிவித்துப் புண்ணையும் குருதிப்பெருக்கையும் உண்டாக்க வல்லவை. முதுகு நோவுக்கும் மூட்டு நோவுக்கும் அவற்றை வாங்கி உட்கொள்பவர் பலர். அவற்றுக்கும் தம் வயிற்று நோவுக்கும் தொடர்பு உண்டென்று நினைப்பவர் சிலரே. ஆயினும், இதய நோய்க்காக மருத்துவர் விதித்த அஸ்பிரினை எவரும் தாமாக நிறுத்துதல் ஆகாது.

சில குறிகள் தோன்றினால் குறிப்பெழுதிக் காத்திருத்தலும் தவறாகும். உணவு நெஞ்சிலே தடைபடுதல், முயலாமலே உடல் மெலிதல், குருதி கலந்த வாந்தி, தார் போன்ற கரிய மலம், இரத்தச்சோகை, ஓயாத வாந்தி ஆகியவை அத்தகையன. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பின்னர் முதன்முறையாகத் தோன்றி நீங்காதிருக்கும் தொல்லையும் விரைந்து ஆராயப்பட வேண்டியது. இலங்கையிலே உணவுக்குழாய்ப் புற்றுநோய் அரிதான நோயன்று. வெற்றிலையோடு புகையிலை மெல்லுதலும் புகைத்தலும் மதுவும் அதற்கு வழிவகுப்பன. முதலிற் சோறு இறங்கத் தடைபட்டு, பின்னர்க் கஞ்சியும் தடைபடும்வரை வீட்டுமருந்தோடு காத்திருப்பவர் வைத்தியசாலையை அடையும்போது காலம் கடந்துவிடுகிறது. அமிலத்தை அடக்கும் குளிசை நோவை மறைக்கும். புற்றை மறைத்து நிறுத்தாது.

மாரடைப்பைப் பற்றியும் இங்கே ஒரு சொல் வேண்டும். நெஞ்சின் நடுவிலே இறுக்கமோ எரிவோ தோன்றி, தோள், கை, தாடை ஆகிய இடங்களுக்குப் பரவினாலும், வியர்வையும் மூச்சுத் திணறலும் கூடினாலும், நடக்கையில் வந்து நின்றால் தணிந்தாலும், அதனை வாய்வு என்று எண்ணி இஞ்சியும் உள்ளியும் இடித்துக் கொடுத்துக்கொண்டிருத்தல் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் மாரடைப்பு வெறும் மேல்வயிற்றுத் தொல்லையாகவே வெளிப்படுவதுண்டு. இலங்கையில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் ஊர்தி வரும். வைத்தியசாலையிலே ஈ.சீ.ஜீ. எடுத்துப் பார்த்து இதயத்தில் ஒன்றுமில்லை எனத் தெளிந்து வீடு திரும்புவதில் வெட்கத்துக்கு இடமேயில்லை.

ஆபத்துக் குறிகள் இல்லாதவர்க்கு மருத்துவர் பெரும்பாலும் ஒமெப்பிரசோல் போன்ற அமிலம் அடக்கும் மருந்தை 4 முதல் 8 வாரம் வரை கொடுத்துப் பார்ப்பர். 1988 ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்த இம்மருந்து அமிலம் சுரக்கும் கலங்களின் செயலை நிறுத்துவது. இதனை உட்கொள்ளும் முறையிலேயே பலர் தவறுகின்றனர். உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னர் உட்கொண்டாலே இது முழுப் பயனைத் தரும். எரிவு வந்தபின், அல்லது வயிறு நிறைய உண்டபின் விழுங்கிவிட்டு மருந்து கேட்கவில்லை என்பது மருந்தின் குற்றமன்று. நெடுநாள் உட்கொண்டு திடீரென நிறுத்துவோருக்குச் சில வாரம் அமிலம் முன்னிலும் மிகுதியாகச் சுரப்பதுண்டு. அதனை நோய் மீண்டதென்று எண்ணி மயங்குதல் கூடாது. முன்னர்ப் பெருவழக்கிலிருந்த ரனிற்றிடீன் என்னும் மருந்தில் தீங்கான மாசு காணப்பட்டமையால் 2020 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் அதனைச் சந்தையிலிருந்து அகற்றுமாறு கோரப்பட்டமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆகவே, பழைய துண்டைக் காட்டி ஆண்டுக்கணக்காக ஒரே மருந்தை வாங்குவதை விடுத்து, இன்னும் அது வேண்டுமா என மருத்துவரிடம் இடையிடையே கேட்டறிதல் நன்று.

மருந்தினால் தணியாத நோய்க்கும் ஆபத்துக் குறிகள் உள்ள நோய்க்கும் இரைப்பையை உள்ளே பார்க்க வேண்டியதாகின்றது. ஜெர்மனியிலே அடொல்ப் குஸ்மௌல் என்னும் மருத்துவர் 1868 இல் நேரான உலோகக் குழாயொன்றை, வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியாகச் செலுத்திப் பார்த்தார். வித்தைக்காரருக்கு இயன்றது சாதாரண நோயாளிக்கு இயலுமா? வளையும் குழாய் வேண்டியிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே பசில் ஹெர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைகளாலான வளையும் உள்நோக்கியை அமைத்து, 1957 இல் முதலில் தாமே அதனை விழுங்கிப் பார்த்த பின்னரே நோயாளிக்குச் செலுத்தினார். எண்டொஸ்கோப்பி என்று இன்று யாவரும் அறிந்த சோதனை அதன் வழிவந்தது. தொண்டையை மரக்கச் செய்து, சுண்டுவிரற் பருமனான குழாயை உட்செலுத்தி, சில நிமிடங்களிலே அது முடிந்துவிடும். முன்னிரவிலிருந்து உண்ணாதிருத்தல் வேண்டும். தொண்டை சிறிது குமட்டும்; நோவு பெரிதன்று. அச்சம் காரணமாக இச்சோதனையைத் தவிர்ப்பவர் தம் அச்சத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறினால், உறக்க மருந்து கொடுத்துச் செய்யவும் வழியுண்டு.

அதே வேளையில் பற்றீரியா உண்டா என்றும் ஆராயலாம். குழாய் வழியாக எடுத்த துணுக்கிலும், மலத்திலும், நோயாளி ஊதும் மூச்சிலும் அதனைக் கண்டறியும் முறைகள் உள. இங்கே நோயாளி அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒமெப்பிரசோல் போன்ற மருந்துகளை இச்சோதனைகளுக்கு இரண்டு வாரம் முன்னரும், நுண்ணுயிர்கொல்லிகளை நான்கு வாரம் முன்னரும் நிறுத்தியிருத்தல் வேண்டும். அன்றேல், பற்றீரியா உள்ளே இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். மருந்தை நிறுத்துவதும் மருத்துவரின் அறிவுரைப்படியே நடைபெற வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னர், "ஒன்றுமில்லை, எல்லாம் சரி" என்ற முடிவு வருவதுண்டு. நோயாளி மகிழவேண்டிய அவ்வேளையிலே பலர் மனம் உடைந்துபோகின்றனர். எரிவு இருக்கிறது; சான்று இல்லை. வீட்டாரும், இது மனப்பிராந்தி என்று சொல்லத் தொடங்குகின்றனர். உண்மை யாதெனில், அமில எழுச்சியாற் துன்புறுவோரிற் பாதிக்கு மேற்பட்டோரின் உணவுக்குழாயிலே கண்ணுக்குப் புலப்படும் புண் இருப்பதில்லை. உள்நோக்கி காண்பது சுவரை. அமிலம் வந்து போவதை அது காண்பதில்லை.

அதனைக் காண்பதற்கும் ஒரு வழி உண்டு. மூக்கின் வழியாக நூல் போன்ற மெல்லிய குழாயொன்றை உணவுக்குழாயினுள் வைத்து, இடுப்பிலே ஒரு சிறு கருவியைக் கட்டி, 24 மணி நேரம் நோயாளியை வழமைபோல் உண்டு உறங்கச் செய்வர். பீ.எச். அளவு 4 இற்குக் கீழே இறங்கும் நேரமெல்லாம் அதிற் பதிவாகும். எரிவு தோன்றும்போது நோயாளி ஒரு பொத்தானை அழுத்துவார். ஜோன்சன், டிமீஸ்டர் என்னும் இருவர் 1974 இல் இம்முறைக்கு அளவுகோல் வகுத்தனர். நாளின் நூற்றில் 4 பங்குக்குக் குறைந்த நேரமே அமிலம் மேலே தங்கியிருப்பின் அது இயல்பு. 6 பங்குக்கு மேற்பட்டால் நோய் உறுதி. எல்லா வைத்தியசாலைகளிலும் இவ்வசதி இல்லை. எல்லா நோயாளிக்கும் இது வேண்டியதுமன்று. மருந்து பயன்படாதபோதும், சத்திரசிகிச்சை பற்றி எண்ணும்போதுமே இது தேவைப்படும்.

சிலருக்கு இதிலும் அமிலம் இயல்பான அளவே காணப்படும்; ஆயினும் அவர்கள் எரிகிறது என்பர். அவர்கள் பொய் சொல்வதில்லை. உணவுக்குழாயின் நரம்புகள் கூர்மை மிகுந்து, பிறர் உணராத சிறு தீண்டலையும் சுடுதலாக உணர்கின்றன. ஓசை பெருக்கப்பட்ட வானொலிப் பெட்டியிலே மெல்லிய பேச்சும் இரைச்சலாய்க் கேட்பது போன்றது இந்நிலை. இவர்களுக்கு அமிலத்தை மேலும் மேலும் அடக்குவதாற் பயனில்லை. நரம்பின் கூர்மையைத் தணிக்கும் மருந்தும், மூச்சுப் பயிற்சியும், மன அமைதிக்கான சிகிச்சையும் பயன் தருகின்றன. இதுவும் ஒரு நோய். இதற்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் கண்டறியப்பட்டது என்பதே நோயாளிக்குப் பாதி ஆறுதல்.

நாட்பட்ட நோயோடு வாழ்வோர் அன்றாட வாழ்விற் செய்யக்கூடியவை பெரிய செலவு தருவனவல்ல. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் இருத்தல் அவற்றுள் முதலாவது. இரவு நேரம் கழித்துப் பொரித்த இறைச்சியோடு வயிறு நிறையப் பிட்டுண்டு உடனே பாயில் விழுபவர் எந்த மருந்தையும் தோற்கச் செய்வார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழே செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து அரையடிக்குக் குறையாமல் உயர்த்துதல் இரவு எரிவைத் தணிக்கும். தலையணைகளை அடுக்குவதனால் வயிறு மடிந்து அழுக்கமே மிகும். இடப்பக்கம் சரிந்து படுப்பது நன்று. பருத்த உடலினர் சில கிலோ குறைத்தாலே வேறுபாட்டைக் காண்பர். இறுக்கமாக இடுப்பைக் கட்டுதலும் புகைத்தலும் விடத்தக்கவை.

உணவு வகைகளைப் பொறுத்தவரை எல்லார்க்கும் பொதுவான தடைப் பட்டியல் ஒன்று இல்லை. ஒருவருக்கு வெறுவயிற்றுத் தேநீர் ஒவ்வாது. இன்னொருவருக்குத் தேங்காய்ப்பால் மிகுந்த கறி ஒவ்வாது. மற்றொருவர் மிளகாயைத் தாங்குவார், புளியைத் தாங்கார். அயல்வீட்டார் சொன்னவற்றையெல்லாம் ஒவ்வொன்றாய் விலக்கி, ஈற்றிலே கஞ்சியும் பாணுமாய் மெலிந்துபோகும் நோயாளிகள் பலர். குறிப்புக் கொப்பியிலே எது மீண்டும் மீண்டும் எரிவோடு சேர்ந்து வருகிறதோ அதனை விலக்குவதே முறை. கந்தசட்டி விரதமோ றமழான் நோன்போ நோற்போர், நோன்பு முடிக்கும் வேளையிலே ஒருங்கே மிகுதியாய் உண்ணாது சிறிது சிறிதாய் உண்ணல் வேண்டும். புண் உள்ளவரும் நீரிழிவுக்கு மருந்துண்பவரும் முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்திலே பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியன. அவற்றின் பின்னரே வள்ளுவர் நோயையும் அதன் மூலத்தையும் ஆராயுமாறு மருத்துவனுக்குக் கூறுகின்றார். அவ்வாராய்ச்சி இன்று கண்ணாடி இழையாலும் மூச்சுச் சோதனையாலும் எளிதாகியிருக்கிறது. ஆனால் நோயாளி தன் நோய்க்குத் தானே ஒரு பெயர் சூட்டி அமைந்துவிட்டால், எந்தக் கருவியும் அவனை அணுகுவதில்லை. அடிக்கடி நெஞ்செரிவு காண்போர் குளிசைக்காக மருந்துக்கடைக்குச் செல்லுமுன் எரிவின் வரலாற்றை ஒரு கொப்பியில் எழுதி மருத்துவரிடம் கொண்டுசெல்வாராக. உணவு தடைபடுவோரும் கரிய மலம் காண்போரும் அக்கொப்பிக்காகவும் காத்திராது இன்றே செல்வாராக.